முடித்துக் கொடுக்கும் மன்றம்

கோனியம்மன் சாட்சியாகச் சொல்கிறேன், இனி வரப்போவது அத்தனையும் நடந்தது. இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் முழங்கால்களில் மிச்சமிருக்கும் ஒன்றும் போகட்டும். முப்பது வருடம் பருத்தி மண்டியில் ஏலம் கூவிய வாய் இது என்பதால் சிலர் நம்பத் தயங்கலாம். அங்கே நான் ஏற்றிச் சொன்னது விலையை மட்டும்தான்.

நாங்கள் குடியிருப்பது கோயமுத்தூருக்கு மேற்கே, 'நொய்யல் வியூ' என்கிற அடுக்ககத்தில். எந்த ஜன்னலைத் திறந்தாலும் நொய்யல் ஆறு தெரியாது. பக்கத்து அடுக்ககத்துக்காரர்கள் துணி காயப்போடுவது தெரியும். அங்கே எங்களுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம், அதற்குத் தெய்வசிகாமணி என்று ஒரு செயலாளர். பஞ்சாலையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்கள் கூடிப் பேசுவதை வேலை நேரம் வீணாவதாகப் பார்த்துப் பழகியவர்.

சங்கத்துக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. அதில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் தண்ணீர் லாரி அறிவிப்பு புதைந்துபோக, பாதிப் பேர் சோப்பு நுரையோடு நின்றார்கள். அதனால் சங்கத்துக்கு இணையதளம் வேண்டும், அதில் எல்லாரும் பேச ஒரு விவாத மன்றம் வேண்டும் என்று முடிவானது. மன்றத்துக்கு எந்த மென்பொருளைப் போடுவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு தாரணிக்கு வந்தது. இரண்டாவது மாடி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை செய்யும் பெண். கூட்டத்தில் மூன்றைச் சொன்னாள்.

"முதல்ல இருக்கறது இலவசம், அங்கிள். ஆனா சர்வர் நாமளே வெச்சுக்கணும். யாராவது ஒருத்தர் தினமும் பார்த்துக்கணும்."

"யாராவது ஒருத்தருன்னா?"

"நான்தான்."

"அப்ப அது நல்ல சாப்ட்வேருங்க," என்றார் தெய்வசிகாமணி.

தாரணி அதைக் கேட்காதவள்போல அடுத்ததற்குப் போனாள். "ரெண்டாவது பார்க்க அழகா இருக்கு. ஆனா தமிழ்ல எதையாவது தேடினா ஒண்ணும் கிடைக்காது."

"எழுதிப்போட்டதை யாருங்க அம்மிணி திரும்பத் தேடறாங்க? மூணாவது?"

"அது பேரு 'நிறைவு'. நம்ம பழைய பேச்சையெல்லாம் வாங்கிப் படிச்சுக்கும். அப்புறம் யாராவது புதுசா ஒரு தலைப்பு ஆரம்பிச்சா, அந்தப் பேச்சு எப்படிப் போய் எங்க முடியுமோ, அதைக் கடைசிவரைக்கும் எழுதிக் காட்டிரும்."

"யாரு எழுதுவா?"

"நீங்கதான், அங்கிள். நீங்க எல்லாரும் எழுதப்போறதை அது முன்னாடியே எழுதிரும். உங்க பேர்லயே."

"அப்பக் கூட்டம்?"

"தேவையில்லை."

தெய்வசிகாமணி தன் கையைத் தானே தூக்கி, தீர்மானம் நிறைவேறியது என்று தானே சொல்லிக்கொண்டார். அதுதான் எங்கள் கடைசிக் கூட்டம்.

தாரணி மன்றத்தை இணையதளத்தோடு இணைத்தாள். பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற அதே பாஸ்வேர்டில் மன்றத்துக்குள்ளும் போகலாம். எங்கள் வாட்ஸப் குரூப்பின் மொத்தப் பேச்சையும் அதற்குப் படிக்கக் கொடுத்தாள். கொடுக்குமுன் என்னையும் தெய்வசிகாமணியையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதுல பாதிக்குப் பாதி மூணாவது மாடி அங்கிள் ரெண்டு பேரோட சண்டைதான். எடுத்துடலாமா?"

"எடுத்துட்டா என்னங்க மிச்சமிருக்கும்? பூப்படம்தான்," என்றார் தெய்வசிகாமணி. எடுக்கவில்லை.

மூணாவது மாடி அங்கிள் இரண்டு பேர் என்றால் சென்னியப்பனும் நாச்சிமுத்துவும். கூடப் பிறந்த அண்ணன் தம்பி. இந்த அடுக்ககம் நிற்பதே அவர்கள் அப்பாவின் தோட்டத்தில்தான். நிலத்தைக் கொடுத்ததற்குப் பதிலாக எதிரெதிரே இரண்டு வீடு கிடைத்தது. இரண்டு கதவுக்கும் நடுவில் ஆறடி. அந்த ஆறடியைப் பன்னிரண்டு வருடமாக யாரும் தாண்டவில்லை.

காரணம் அவர்கள் அம்மா. அம்மா செத்தபோது சென்னியப்பன் சூரத்தில் ஒரு மில்லில் இருந்தார். ரயில் தாமதம். சித்திரை வெயில், கண்ணாடிப் பெட்டியும் கிடைக்கவில்லை. பெரியவர்கள் எடுக்கலாம் என்றார்கள், நாச்சிமுத்து தலையாட்டினார். சென்னியப்பன் வந்து இறங்கியபோது புகைதான் இருந்தது. அன்றைக்கு அறுந்தது பேச்சு.

எங்கள் பக்கத்தில் பேச்சு அறுந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஜாடையாகப் பேசுவார்கள். சுவரைப் பார்த்துச் சொல்வது, பூனையைத் திட்டுவது, 'சில பேர் இருக்காங்க' என்று ஆரம்பிப்பது. குரூப்பிலும் அப்படித்தான். வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சென்னியப்பன் எழுதுவார்: 'சில பேருக்கு எல்லாத்துலயும் அவசரம்.' ஐந்து நிமிடத்தில் நாச்சிமுத்துவின் பதில் வரும்: 'பந்தி முடிஞ்சு வர்றவங்க சோத்துல குத்தம் சொல்லக்கூடாது.' ஒரு நாளும் ஒருவர் பேரை ஒருவர் எழுதியதில்லை. ஒரு நாளும் ஒருவர் இன்னொருவருக்குப் பதில் சொல்லாமல் விட்டதும் இல்லை.

சென்னியப்பனோடு தினமும் காலையில் நடப்பவன் நான். அவர் நெஞ்சில் ஏற்கனவே ஸ்டென்ட் வைத்திருந்தது. ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், சிவமலை. நான் போறதுக்குள்ள அவன் ஒருக்கா அண்ணான்னு கூப்புட்டாப் போதும்."

"நீங்க முதல்ல தம்பின்னு கூப்புடறதுதானுங்க?"

"அதெப்படி? காத்திருக்காம எடுத்தது அவன்."

மன்றம் திறந்தது. முதலில் பூங்காவில் நாய்த் தொல்லை என்று யாரோ ஒரு தலைப்புப் போட்டார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் விவாதம் முழுக்க வந்து நின்றது. நாய்க்கு ஆதரவு, எதிர்ப்பு, நடுவில் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறுவது, மறுநாள் திரும்பி வருவது, கடைசியில் பச்சை எழுத்தில் 'நிறைவுற்றது'. அதில் நான் எழுதியதும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று நினைத்திருந்ததை எனக்கு முன்னால் எழுதி, என் வழக்கப்படி சம்பந்தமில்லாமல் பருத்தி விலையையும் சேர்த்திருந்தது. படித்த எல்லாருக்கும் திருப்தி. நாய்களுக்கும் திருப்தியாக இருந்திருக்க வேண்டும், அன்று மாலையே பூங்காவைக் காலி செய்துவிட்டன. மன்றத்தைப் படித்துத்தான் போயின என்று நான் சொல்லவில்லை. போய்விட்டன என்று மட்டும் சொல்கிறேன்.

பிறகு லிஃப்ட். லிஃப்ட் சத்தம் போடுகிறது என்று ஒருவர் எழுத, அது பழுதாகி, கம்பெனிக்காரன் வராமல், எல்லாரும் படியேறி நடக்கப் பழகிக்கொள்வதுவரை மன்றம் எழுதி முடித்துவிட்டது. தெய்வசிகாமணி உடனே 'பழுது' என்ற அட்டையைத் தொங்கவிட்டார். லிஃப்ட் கெடவே இல்லை. ஆனாலும் நாங்கள் படியேறினோம். முடிந்துபோன விஷயத்தை யார் மறுபடி கிளப்புவது?

இப்படித்தான் பேச்சு குறைந்தது. நடைபாதையில் யாராவது "இந்தத் தண்ணி லாரி விஷயம்..." என்று ஆரம்பித்தால், "அதுதான் முடிஞ்சிருச்சுங்களே" என்று அடுத்தவர் நடந்துவிடுவார். அதைவிட மோசமான ஒன்றும் சேர்ந்துகொண்டது. ஒருவர் மனம் மாறி வேறு மாதிரி சொன்னால், "நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்களே, மன்றத்துல வேற மாதிரி இருக்குதே" என்பார்கள். அவரும் வெட்கப்பட்டு, மன்றத்தில் இருப்பதையே சொல்லிவிட்டுப் போவார். சொல் மாறாதவர்கள் என்று எங்களுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

இந்தச் சமயத்தில்தான் சென்னியப்பன் வழக்கம்போல ஒரு தலைப்புப் போட்டார்: 'தொட்டி மூடியைத் திறந்து போட்டது யார்?' தம்பியோடு ஒரு மாதம் ஓட்டலாம் என்ற கணக்கு. மன்றம் அதை எழுதிக்கொண்டே போனது. மூடியிலிருந்து குழாய், குழாயிலிருந்து அவசரம், அவசரத்திலிருந்து ரயில் என்று, நுழைகிற இடமெல்லாம் நுழைந்து, கடைசியில் பச்சை எழுத்தில் நின்றது. சென்னியப்பன் அதை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு தாரணி வீட்டுக்குப் போனார்.

"அம்மிணி, இதுல ஒரு வார்த்தை இருக்குதான்னு தேட முடியுமா?"

"சொல்லுங்க அங்கிள்."

அவர் திரும்பித் தன் பின்னால் கதவைச் சாத்தினார். பிறகு, "அண்ணா" என்றார்.

தாரணி தேடினாள். "இல்லைங்க அங்கிள்."

"செரி. கடைசில எழுதியிருக்கறது அவன். 'பதில் சொல்ல முடியாதவங்க கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்காங்க'ன்னு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையே?"

"அதோட முடியுது. யாரோ ஒருத்தர் பதில் எழுதாம நிறுத்தினா அதுக்குப் பேச்சு முடிஞ்சதா அர்த்தம்."

"நான் பதில் எழுதாம விட்டதே கிடையாதே, அம்மிணி."

தாரணி திரையைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். சென்னியப்பன்தான் முதலில் சிரித்தார். "சாப்ட்வேர் கெட்டியாத்தான் இருக்குது" என்றார்.

மன்றத்தில் ஒரு வசதி உண்டு. தலைப்பைப் போடாமலேயே, போட்டால் என்ன ஆகும் என்று தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். சென்னியப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். 'அம்மாவின் திதி' என்று போட்டுப் பார்த்தார். சண்டையில் முடிந்தது. 'என்மேலும் தவறு உண்டு' என்று போட்டார். 'சில பேருக்கு இப்பத்தான் தெரியுதாம்' என்று பதில் வந்தது, சண்டையில் முடிந்தது. 'என் வீட்டுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும்' என்றுகூடப் போட்டார். 'சாவி கொடுக்கறவங்க மொதல்ல கதவைத் திறந்து வெக்கோணும்' என்று பதில்.

நடக்கும்போது என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். மிச்ச ஆயுள் முழுக்க ஒவ்வொரு யோசனையாக வைத்துக்கொண்டு, நாளைக்கு ஆகும், அடுத்த மாதம் ஆகும் என்று ஓட்டியிருக்க வேண்டிய மனிதர். அத்தனையையும் ஒரே வாரத்தில் போட்டுப் பார்த்து முடித்துவிட்டார். அப்புறம் நடக்க வருவதை நிறுத்தினார்.

தாரணி ஒருநாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாள். மன்றத்தை நடத்துபவள் என்பதால் யார் எதைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"அங்கிள், யார்கிட்டயும் சொல்லக்கூடாது, ஆனா தாங்கலை. எதிர்வீட்டு அங்கிளும் இதையேதான் பண்ணிட்டிருக்காரு."

"நாச்சிமுத்துவா? என்ன தேடறாரு?"

"தம்பின்னு ஒரு வார்த்தை எங்காவது வருதான்னு."

"வருதா?"

"எப்படி வரும் அங்கிள்? இத்தனை வருஷத்துல ரெண்டு பேரும் நேரா ஒரு வார்த்தை எழுதினதில்லை. நாம அதுக்குக் கொடுத்தது ஜாடைச் சண்டை மட்டும்தான். கொடுத்ததைத்தான் அது நீட்டும்."

"திருத்த முடியாதா?"

"முடியும். அவங்க ரெண்டு பேரும் ஒரே ஒரு தடவை நேராப் பேசினாப் போதும். அதைக் கொடுத்துத் திருத்திடலாம்."

நான் அன்றைக்கே மூன்றாவது மாடிக்குப் போனேன். நாச்சிமுத்து கதவைத் திறந்து, "வாங்க மாமா, ஒரு நாள் லேட்டுங்க" என்றார்.

"என்ன லேட்டு?"

"நேத்தே வருவீங்கன்னு நினைச்சனுங்க. எங்கண்ணனுக்காக யாராச்சும் தூது வந்தா என்ன ஆகும்னு போட்டுப் பார்த்தேன். நீங்கதான் வர்றீங்க. உக்காருங்க, காப்பி வருது."

எங்கண்ணன் என்று என்னிடம் சொல்வதில் அவருக்குத் தடையே இல்லை. எதிரே சொல்வதில்தான்.

"நாச்சிமுத்து, உங்க அண்ணனும் உன்னாட்டம் உட்கார்ந்து தேடறாரு. நீ கூப்புட மாட்டியான்னு..."

"தெரியுமுங்க. அதையும் நீங்க சொல்றீங்க, அதுல இருக்குது. கேட்டுட்டு நான் என்ன சொல்லுவேன்னும் இருக்குது."

"என்ன சொல்லுவே?"

"'மொதல்ல வரவேண்டியவங்க வரட்டும்'னு."

"அதை இப்ப நீ சொல்லாம விட்டா என்னப்பா? எந்திரிச்சு வா. ஆறடிதான்."

அவர் எழுந்தார். உண்மையாகவே எழுந்தார். கதவுவரை வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கதவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் போயி நின்னாலும், 'நீ இப்படிச் செய்யற ஆளு இல்லையே, யாரு சொல்லிக் கொடுத்தா'ன்னுதாங்க மாமா நினைப்பாரு. அதுல இருக்கற நாச்சிமுத்துவத்தான் அவரு நம்புவாரு. இல்லாததைச் செஞ்சா நடிப்பாயிருமுங்க."

காப்பி வந்தது. நல்ல காப்பி. குடித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்ச் சென்னியப்பனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அவன் சொன்ன சொல்லு மாற மாட்டான், சிவமலை. எங்கம்மா வளர்ப்பு அப்படி" என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தாரணியிடம் போய் இந்த எழவை எடுத்துவிடம்மா என்றேன். அவளும் தெய்வசிகாமணியிடம் கேட்டிருக்கிறாள். மன்றத்தை எடுத்துவிடலாமா என்று மன்றத்தில் தலைப்புப் போடச் சொன்னாராம். போட்டாளாம். எல்லாரும் எழுதி, வைத்துக்கொள்ளலாம் என்று முடிந்ததாம். நானும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதியிருந்தேன்.

சென்னியப்பன் ஆடி மாதம் ஒரு காலையில், கதவுக்கடியில் செருகியிருந்த செய்தித்தாளை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. கதவு உள்ளே சாத்தியிருந்தது. மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது, ஒரே மகள் சேலத்தில். மதியத்துக்குள் மகள் வந்துவிட்டாள். உறவுக்காரர்கள் வந்தார்கள். லிஃப்டில் தொங்கிய அட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியை ஏற்றினார்கள். லிஃப்ட் ஒரு சத்தமும் போடாமல் ஏறியது.

நாச்சிமுத்து ஆறடியைத் தாண்டி வந்து, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

வெயில் தாழ ஆரம்பித்ததும் பெரியவர் ஒருவர் கேட்டார். "நாச்சிமுத்து, எடுக்கலாமா?"

"இருங்க. இன்னும் ஒருத்தரு வரோணும்."

"எல்லாரும் வந்தாச்சே. யாரு?"

வெளியே லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கழுத்து மட்டும் திரும்பியது. மேளக்காரர்கள் இரண்டாம் முறை டீ குடித்தார்கள். சேலத்து மகள் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்க வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மின்மயானத்திலிருந்து போன் வந்தது, இனி தாமதித்தால் நாளைக்குத்தான் என்று.

"யாருக்காகப்பா காத்திருக்கே?" என்றார் பெரியவர் மறுபடியும்.

"ரயிலு லேட்டா இருக்குமுங்க," என்றார் நாச்சிமுத்து.

எந்த ரயில் என்று அங்கே இருந்த வயதானவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ரயிலில் வர வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.

விளக்குப் போட்ட பிறகு நாச்சிமுத்து தானாகவே எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கண்ணாடியின்மேல் இருந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, முகத்துக்கு நேரே குனிந்தார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குக் கேட்டது.

"அண்ணா, எடுக்கட்டுமுங்களா?"

கேட்டுவிட்டு நிமிரவில்லை. பதிலுக்காக அப்படியே குனிந்திருந்தார். கடைசியில் பெரியவர் வந்து தோளைத் தொட வேண்டியிருந்தது.

மறுநாள் தாரணி அந்தத் தொட்டி மூடித் தலைப்பைத் திறந்து மறுபடி தேடிப் பார்த்தாள். அந்த வார்த்தை அதில் இல்லை. கடைசி வரி மட்டும் இருந்தது: 'பதில் சொல்ல முடியாதவங்க கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்காங்க.' அதன்கீழே பச்சை எழுத்து. அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, "ஒரு தடவை பேசினா திருத்தலாம்னு சொன்னேன்ல அங்கிள். பேசிட்டாரு. இனி யாருக்குத் திருத்தறது?" என்றாள். அதற்குப் பதில் மன்றத்தில் இருந்திருக்கும், நான் போய்ப் பார்க்கவில்லை.

கோனியம்மன் பொறுத்துக்கொள்ளட்டும், எங்கள் சங்கத்துக்கு இன்னும் இணையதளமே கிடையாது. அது வேண்டுமா, வேண்டுமென்றால் மன்றத்துக்கு எந்த மென்பொருள் என்று முடிவு செய்யும் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, இன்று காலையும் என்னோடு நடந்த சென்னியப்பன் தலைமையில்.